பீச் வேலிக்குப் பட்ட கண்

அருந்தவன் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை இருக்க வேண்டும். இல்லை. காய்ந்த பழுப்பு. அடுத்த செடியைச் சுரண்டினார். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. வேலியின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரைக்கும் குனிந்து குனிந்து போனவர், கடைசிச் செடிக்கு வந்தபோது நிமிர முடியாமல் அப்படியே புல்லில் குந்திவிட்டார்.

அக்டோபர் மாதம், பூமியின் இந்தத் தென்பாதியில் வசந்தம். கிளென் வேவர்லியில் தெருத்தெருவாக மரங்கள் துளிர்த்துக்கொண்டிருந்தன. அக்கறையே இல்லாதவன் வீட்டு முற்றத்தில்கூட ஏதோ ஒன்று பூத்துத்தள்ளிக்கொண்டிருந்தது. மரம் நட்டே சீவியம் நடத்துகிற மனிதரின் வீட்டு வேலி மட்டும் செத்துப்போயிருந்தது.

பீச் மரம் என்றால் சிலர் பழம் காய்க்கிற மரத்தை நினைப்பார்கள். இது அது இல்லை. இது குளிர்நாட்டுக் காட்டுமரம். தனியே விட்டால் வானத்துக்கு வளரும். நெருக்கி நட்டு வெட்டி வளர்த்தால் சுவர் மாதிரி அடர்ந்த வேலியாக நிற்கும். அதற்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. குளிர்காலத்தில் இலை காய்ந்து பழுப்பாகிவிடும், ஆனால் விழாது. செத்த இலையை இறுகப் பிடித்துக்கொண்டு மழையிலும் காற்றிலும் சரசரவென்று நிற்கும். வசந்தத்தில் புதுத்துளிர் வந்து தள்ளினால்தான் பழையதை விடும்.

அருந்தவன் தொண்ணூறுகளில் அகதியாக வந்தவர். முதலில் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலை, பிறகு மற்றவர்களின் புல்லை வெட்டுகிற வேலை, பிறகு சொந்தமாக யூட் என்கிற ஒரு சாமான் வண்டி, அதன் கதவில் பெயரும் தொலைபேசி எண்ணும். தோட்டம் அமைப்பதை லாண்ட்ஸ்கேப்பிங் என்று சொன்னால் பெரிதாகத்தான் கேட்கும். முதுகு ஒடிகிற வேலை. மலையடிவாரத்தில் ஒரு பழைய பங்களாவில் வேலைக்குப் போன குளிர்காலத்தில்தான் அந்த மரத்தை முதன்முதலாகக் கண்டார். இவ்வளவு செத்த இலையோடு ஒரு வேலி நிற்குதே, இதைப் பிடுங்கச் சொல்லித்தான் கூப்பிட்டார்களாக்கும் என்று மண்வெட்டியை எடுத்தவரை, வீட்டுக்காரி ஓடிவந்து தடுத்தாள். இரண்டு மாதம் கழித்து அதே வேலி தளதளவென்று துளிர்த்து நின்றதைக் கண்டு மனிதர் வாயைப் பிளந்துவிட்டார். அன்று பிடித்த பைத்தியம். வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவர்கள் கேட்டதை நட்டுக்கொடுத்தார். தனக்கென்று ஒரு வீடு வந்தபோது பீச்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

பக்கத்து வீடு சேகர், கல்யாணி தம்பதியுடையது. கோயம்புத்தூர்க்காரர்கள். நல்ல பள்ளிக்கூடத்தின் சேர்க்கை எல்லைக்குள் வீடு வேண்டுமென்று கூடுதல் விலை கொடுத்து வந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகை வேலி உக்கி விழுந்தபோது, புதுப் பலகை போடலாம் என்றுதான் சேகர் சொன்னார். அருந்தவன் விடவில்லை. வேலி என்றாலே வழக்குப் பேசுகிற யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இங்கே வழக்கே வராத ஒரு வேலியை வளர்த்துக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டு, குளிர்காலத்தில் குச்சி குச்சியாகக் கன்று வாங்கி நட்டார். நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளியும் விட்டார். அந்த வழியால் அங்கிருந்து அடை வரும், இங்கிருந்து பிட்டுப் போகும். இரண்டு வீட்டுக்கும் அதுதான் வாசல் என்று ஆகிவிட்டது.

ஒவ்வொரு குளிர்காலமும் கல்யாணி அந்த இடைவெளியில் நின்று கேட்பாள்.

"அண்ணா, இந்தத் தடவை நிஜமாவே செத்துப்போச்சா?"

"சாகேல்லைப் பிள்ளை, நித்திரை," என்பார் அருந்தவன். அவருக்கு அதைச் சொல்வதில் ஒரு தனிச் சுகம். தெருவில் போகிறவர்கள் நின்று பரிதாபப்பட்டால் அவர்களுக்கும் இதையேதான் ஆங்கிலத்தில் சொல்வார்.

இந்த முறையும் கல்யாணி கேட்டாள். செப்டெம்பரில் கேட்டாள், இவர் சிரித்தார். மனைவி சிவனேஸ்வரியும் ஒருநாள் தயங்கித் தயங்கி, "இஞ்சாருங்கோ, வழமையிலும் பிந்துது போலை கிடக்கு," என்றாள். அதற்கும் சிரித்தார். மலையடிவாரத்துப் பீச்செல்லாம் இலை விரித்துவிட்டதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. இதோ, சனிக்கிழமைக் காலை, வேலைக்குப் போகாமல் நின்று சுரண்டிப் பார்த்து, புல்லில் குந்தியிருக்கிறார்.

எல்லாரையும் ஒன்றும் தெரியாத பேயர் என்று நினைத்துச் சிரித்த மனிதருக்கு இது தலையில் இடி விழுந்த மாதிரி. நம்ப முடியவில்லை. தண்ணீர் குறையவில்லை, பூச்சி இல்லை, வேரில் அழுகல் இல்லை. பிறகு என்ன கோதாரி? எழுந்து போய் யூட்டுக்குள்ளிருந்து மண்ணில் உப்பைப் பார்க்கிற மீட்டரை எடுத்துவந்தார். கடற்கரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனால் எடுக்கிற சாமான். இங்கே அதற்கு ஒரு நாளும் தேவை வந்ததில்லை. மண்ணை நனைத்துக் குத்தினார். எண் ஏறிக்கொண்டே போயிற்று. பழுதாக்கும் என்று துடைத்துவிட்டு வேறிடத்தில் குத்தினார். அங்கும் ஏறியது. முற்றத்தின் மற்ற மூலையில் குத்தினால் ஒன்றுமே இல்லை.

உப்பு. அவருடைய வேலியின் காலடியில் மட்டும் உப்பு.

அருந்தவன் மெல்லத் தலையைத் திருப்பிப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். போன கோடையில்தான் சேகர் பின்பக்கம் நீச்சல் குளம் கட்டினார். உப்புத் தண்ணீர்க் குளம். குளோரின் தோலுக்குக் கூடாதாம் என்று கல்யாணி சொன்னதுகூட ஞாபகம் வந்தது. ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"சேகர்! சேகர்! இஞ்சாலை வாரும்!"

இத்தனை வருடமும் தம்பி என்றும் நீங்கள் என்றும் பேசிய வாய் அது. சேகர் காப்பிக் கோப்பையோடு வந்தார், பின்னாலேயே கல்யாணி.

"என்னண்ணா, காலங்காத்தால?"

"உம்மடை குளத்துத் தண்ணியை எங்கை திறந்து விடுறனீர்?"

"சாக்கடை லைனுக்குத்தாண்ணா போகுது. குளம் கட்டினவன் அப்படித்தான் பைப் போட்டுக் குடுத்தான். ஏன்?"

"பொய் சொல்லாதையும்! மண் முழுக்க உப்பு. என்ரை வேலி பட்டுப்போச்சு. முழுக்கப் பட்டுப்போச்சு!"

சேகருக்கு வேலி செத்ததை நம்புவதா, இந்த மனிதர் இப்படிக் கத்துவதை நம்புவதா என்று தெரியவில்லை. கல்யாணிதான் பேசினாள்.

"நாங்க ஏண்ணா அப்படிச் செய்யப்போறோம்? இது எங்க வேலியுந்தானே?"

"அப்ப உப்பு என்ன வானத்திலை இருந்தோ கொட்டுண்டது?" அருந்தவனுக்குக் கண்மண் தெரியவில்லை. கையை ஓங்கித் தரையைக் காட்டினார். "இதுக்கு உப்புத் தண்ணி ஊத்தின கை விளங்காது! சொல்லிப்போட்டன், விளங்கவே விளங்காது!"

கோபத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், மூதேவி என்று திட்டலாம், கழுதை என்று திட்டலாம். கை விளங்காது என்பது திட்டு இல்லை, சாபம். அது யாழ்ப்பாணத்திலும் சாபம்தான், கோயம்புத்தூரிலும் சாபம்தான். கல்யாணி பேயறைந்தவள் போல நின்றாள். சேகர் இரண்டடி பின்னால் போனார்.

அப்போதுதான் வீட்டின் பக்கவாட்டில் எதுவோ தட்டுப்பட்ட சத்தம் கேட்டது. சிவனேஸ்வரி. குசினிக் கதவால் வந்து நின்றவளின் கையில் சின்ன வாளி.

"உப்பெண்டே சொன்னனீங்கள்?"

"ஓம், உப்புத்தான். நீர் உள்ளை போம்."

"உப்பு மரத்துக்குக் கூடாதே?"

"கூடாதோவோ? நஞ்சு!"

சிவனேஸ்வரி வாளியைத் தரையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அது கையை விட்டுப் போயிற்று என்று சொல்லலாம். கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. அருந்தவன் வாளியைப் பார்த்தார். அடியில் இன்னும் கரையாத கல்லுப்பு வெள்ளையாகக் கிடந்தது.

"நீங்கள்தானே போன வருசம் வேலியைப் படம் பிடிச்சு ஃபேஸ்புக்கிலை போட்டனீங்கள்," என்றாள் அவள். "லண்டன்காரர், ரொறன்ரோகாரர், எல்லாரும் ஐயோ என்ன வடிவு, என்ன வடிவு எண்டு எழுதிக் கிடந்தது. எத்தினை பேற்றை கண். எனக்கு நெஞ்சு பக்கெண்டது. அதுதான் நாவூறு கழிச்சனான்."

நாவூறு கழிப்பதென்றால் உப்பும் செத்தல் மிளகாயும் கையில் எடுத்துச் சுற்றி, மிளகாயை அடுப்பில் போட்டு, உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். ஆனால் மிளகாயை எரித்தால் கூரையிலிருக்கிற ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டிவிடும். ஒருமுறை கூட்டியும் விட்டது. ஆகவே மிளகாயை விட்டுவிட்டு, அதற்கும் சேர்த்து உப்பைக் கூட்டிக்கொண்டாள். மனிதர் விடியற்காலையில் யூட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு, வேலியின் நீளத்துக்கு நடந்து சுற்றி, கால் படாத இடம் என்று வேலியின் காலடியிலேயே ஊற்றினாள். முதலில் வெள்ளிக்கிழமைகளில். குளிர்காலத்தில் தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று நின்று பார்க்கத் தொடங்கியதும் ஒவ்வொரு நாளும். இன்றைக்கும் அவர் போய்விட்டாரென்று நினைத்துக் கரைத்துக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு வாளியோடேயே வந்துவிட்டாள்.

"உப்பு ஆகாதெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? தென்னம்பிள்ளை நட்டால் குழிக்குள்ளை உப்புப் போட்டுத்தானே நடுறனாங்கள்? இதுவும் மரந்தானே எண்டு..."

அருந்தவன் வாளியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். அவள் பொய் சொல்லியிருந்தால் கத்தியிருப்பார். அசட்டையாகச் செய்திருந்தால் கத்தியிருப்பார். அவருடைய வேலி நன்றாக இருக்க வேண்டுமென்று, குளிரில் கை விறைக்க விறைக்க, ஒரு நாள் தவறாமல் வந்து நஞ்சு ஊற்றியிருக்கிறாள். தன்னுடைய மரத்தைத் தன்னைவிட அதிகமாகக் காவல் காத்தவளே கொன்றிருக்கிறாள். இதைக் கேட்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

சிவனேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்கள் சொன்ன கை இதுதானே?"

சாபம் யார் தலையில் போய் விழுந்திருக்கிறது என்பது அருந்தவனுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. "ஐயோ, நான் உம்மைச் சொல்லேல்லை, நான் உம்மையில்லை..." என்று உளறினார். பிறகு யாரைச் சொன்னோம் என்பதும் நினைவுக்கு வர, சேகர் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கமும் முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. இத்தனை வருடமாக உழைத்துக் காய்த்த மனிதர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளையைப் போல விழித்துக்கொண்டு நின்றார்.

கல்யாணிதான் அசைந்தாள். இடைவெளியால் நுழைந்து வந்து சிவனேஸ்வரியின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, அருந்தவனின் சாபத்தாலா இந்தக் கையாலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"பிள்ளை," என்றார் அருந்தவன். நாவூறு, கழிப்பு என்று எதையும் ஒரு நாளும் நம்பாதவர். "வாயாலை விட்டதைத் திருப்பி எடுக்க ஏதும் இருக்கோ? உங்கடை பக்கத்திலை என்ன செய்வினம்?"

"இருக்குண்ணா," என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். தரையிலிருந்த வாளியைப் பார்த்தாள். "உப்பு சுத்திப் போடணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிவனேஸ்வரி ஒரு பிடி உப்பைக் கொண்டுவந்தாள். கல்யாணி அதை வாங்கி அவளுடைய கையை மூன்று முறை சுற்றி, வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்தாள். கரைத்துவிட்டு வாளியைத் தூக்கியவளுக்கு அதை எங்கே ஊற்றுவதென்று தெரியவில்லை. இடப்பக்கம் புல், வலப்பக்கம் ரோஜா, எதிரே செத்த வேலி. மூன்று பேரும் வாளியைப் பார்த்தபடி நின்றார்கள்.

அந்தப் பக்கத்தில் நின்ற சேகர் ஓரடி முன்னால் வந்தார்.

"அண்ணா, எங்க குளத்துல ஊத்துங்க," என்றார். "கால் படாத இடத்துலதானே ஊத்தணும்? இந்தக் குளிர்ல ஒருத்தர் காலும் அதுல படல. எப்படியும் உப்புத் தண்ணிதான்."

அருந்தவன் கல்யாணியின் கையிலிருந்து வாளியை வாங்கினார். சேகர் ஒதுங்கி வழிவிட்டார். அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல், அருந்தவன் அந்த இடைவெளியால் தலையைக் குனிந்துகொண்டு போனார்.