பாஸின் தடித்த தந்தி

வெர்லின் ஏக்கர்ஸ் யாரையும் லேசில் நம்பமாட்டார். வேலை பார்க்கிற கிறிஸ்துமஸ் மரத் தோட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், டப்பாவைத் திறந்ததும் சோள ரொட்டி குறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். கடைத்தெருவில் யாராவது நலம் விசாரித்தால், எதற்காக விசாரித்தான் என்று வீடு வரும்வரை யோசிப்பார். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய ஓலீட்டாவுக்குக் கோயிலே கட்டலாம்.

அவருக்கென்று ஊரில் இருந்த ஒரே நண்பர் ஓலீட்டாவின் அண்ணன் ஹோபர்ட். ஹோபர்ட் பாஞ்சோ, கார்னெட் என்ற அம்மாள் ஃபிடில், வெர்லின் ஆளுயர டபுள் பாஸ். வெள்ளிக்கிழமைதோறும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் இந்த மூவரும் வாசிக்க, மரத்தரை அதிர ஊரே ஆடும். மைக் கிடையாது. ஆடுகிற கால்களின் சத்தத்தை மீறி பாஸ் கேட்க வேண்டுமென்றால் தந்திகள் விரல் பலகையை விட்டு நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும். வெர்லினின் தந்திக்கும் பலகைக்கும் நடுவே கட்டைவிரலே நுழையும். விரல் புண்ணாகும். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

பாஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால் அது கூடத்தின் பின்னறையிலேயே கிடந்தது. சாவி ஹோபர்ட்டிடம் இருந்தது, அவர் தீயணைப்புப் படைத் தொண்டர்.

இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தடித்த தந்தி தாழ்ந்திருந்தது. கட்டைவிரல் நுழையவில்லை. வில்லால் அல்ல, விரலால் சுண்டி வாசிக்கிற பாஸ் அது. சுண்டினால் தந்தி பலகையில் பட்டு அலறியது. தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டுக்குக் காலுக்கொரு திருகு சக்கரம் உண்டு. அதைத் திருகினால் தந்தி ஏறும், இறங்கும். வெர்லின் அந்தப் பக்கத்துச் சக்கரத்தைத் திருகி உயர்த்தினார். அடுத்த வாரம் மறுபடியும் தாழ்ந்திருந்தது.

“குளிர் வந்தா மரம் வத்தும், தந்தி இறங்கும். உனக்குத் தெரியாததா?” என்றாள் ஓலீட்டா.

“வத்துனா எல்லாத் தந்தியும்ல இறங்கணும்? ஒண்ணு மட்டும் எப்படி இறங்கும்? கை வச்சிருக்காங்க.”

“யாரு?”

பாஸ் சத்தத்தில் பாஞ்சோ கேட்கவே இல்லை என்று ஹோபர்ட் போன கோடையில் விளையாட்டாகச் சொன்னது வெர்லின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் சக்கரத்திலும் குதிரைக் காலிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தார். யாராவது திருகினால் கோடு விலகிவிடும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் தந்தி தாழ்ந்திருந்தது, கோடு இம்மியும் விலகவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சந்தேகத்தை விட்டிருப்பார்கள். வெர்லினோ, கோட்டையும் கவனித்துவிட்டு வேறு ஏதோ வழியில் கை வைத்திருக்கிறான், கைதேர்ந்த கள்ளன்தான் என்று முடிவு கட்டினார். இந்தப் புத்திக்கு என்ன மருந்து?

ஆட்டத்தின் நடுவே பாட்டை நிறுத்தினார். ஆடியவர்கள் அப்படியே நின்றார்கள்.

“மச்சான், என் பாஸ்ல கை வைக்காத.”

“என்னது?”

“சாவி உன்கிட்டதான இருக்கு? உன் பாஞ்சோ கேக்கணும்னு என் தந்தியத் தணிச்சிட்டே இருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

ஹோபர்ட்டின் முகம் சிவந்தது. பாஞ்சோவைப் பெட்டியில் வைத்தார். சாவியைக் கழற்றி கார்னெட்டின் மடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

“ஊரையே கூட்டிவச்சு அந்த மனுசன அசிங்கப்படுத்திட்டியே!” என்று கார்னெட் கத்தினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாஞ்சோ இல்லை. தந்தி இன்னும் தாழ்ந்திருந்தது. சாவி கார்னெட்டிடம் இருந்ததால் வெர்லின் இப்போது அவளை ஓரக்கண்ணால் பார்த்தபடி சக்கரத்தைத் திருகினார். படீரென்று ஒரு சத்தம். பாஸின் முன்பலகை குதிரையின் காலுக்குக் கீழே உள்வாங்கியது. பலகையின் துளை வழியே டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தடித்த தந்திக்குக் கீழே பலகையைத் தாங்க உட்புறம் நீளமாக ஒட்டியிருக்கும் கட்டை பசை விட்டுத் தொங்கியது. இடுக்கில் பல மாதத் தூசி. பலகைதான் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்திருக்கிறது. ஒருவரும் தொடவில்லை.

பாஸ் போனதைவிட ஹோபர்ட்டின் சிவந்த முகம்தான் வெர்லினின் கண்முன் நின்றது.

மறுநாள் காலை ஓலீட்டா ஆப்பிள் பணியாரம் பொரித்துக் கட்டிக் கொடுத்தாள். “மன்னிப்புக் கேளு, குடுத்துட்டு வா. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத.”

ஹோபர்ட் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“பாஸ் உடைஞ்சு போச்சு மச்சான். தப்பு என் மேலதான். மன்னிச்சிரு.” வெர்லின் வாழ்நாளில் இப்படிக் கேட்டதே இல்லை.

ஹோபர்ட் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். “உள்ள இருக்கிற கட்ட விட்டிருச்சா, மாப்ள? கோடையிலருந்தே ஏதோ கடகடங்கிற மாதிரி கேட்டுச்சு. கார்னெட்டுக்கும் கேட்டுச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா நீ என்ன கேட்டிருப்ப? ‘தொடாம உனக்கு எப்படித் தெரியும்’னு கேட்டிருப்ப. அதான் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. சரி விடு, உள்ள வா. காபி சூடா இருக்கு.”

வெர்லினுக்கு வெட்கத்தில் காது எரிந்தது. ஒரு காலை உள்ளே வைத்தார். ஓலீட்டா சொன்னது நினைவில் இருந்தது. வாயை மூடிக்கொள்ளத்தான் பார்த்தார். ஆனால் நாக்கு கேட்கவில்லை.

“அது சரி மச்சான்... உடைஞ்சுதுன்னுதான நான் சொன்னேன்? கட்டதான்னு எப்படிக் கண்டுபிடிச்ச?”

ஹோபர்ட் அவரையே பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே வைத்த கால் வெளியே போகும்வரை பொறுத்திருந்து, மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

பணியாரப் பொட்டலத்தோடு வெர்லின் வெளியே நின்றார். கேட்டிருக்கவே கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. பதில் தெரிந்தால் தேவலை என்றும் இருந்தது.