ட்ரெவர் அன்று வந்திருந்தார்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால், குற்றமற்ற ஓர் இளைஞர் தன்னை வளர்த்தவரின் கண்களில் பொய்யரானார். என் மனைவிக்குக்கூட இதைச் சொன்னதில்லை... உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தோம். மனைவி ரதிக்கு அப்போது நிறைமாதம். அறை தேடி அப்டன் பார்க் முழுவதும் அலைந்தோம். அவளுடைய வயிற்றைப் பார்த்ததும் கதவுகள் சாத்தப்பட்டன. மிஸ் வின்னி மட்டும் சாத்தவில்லை.

அவர் பார்படோஸிலிருந்து இளவயதில் வந்தவர். மருத்துவமனைச் சமையலறையில் உழைத்துச் சிறியதொரு வீடு வாங்கியிருந்தார். "நான் வந்தபோது எனக்கும் ஒருவரும் கதவு திறக்கவில்லை. உள்ளே வாருங்கள், குளிர்கிறது" என்றார்.

அவருடைய மேல்மாடி அறையில் சில வருடங்கள் இருந்தோம். எங்கள் மகள் நடை பழகியது அவர் விரலைப் பிடித்துத்தான்.

பிறகு ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கினோம். கடனுக்கு உதவியாக இருக்குமென்று முன்னறையை வாடகைக்கு விட எண்ணினோம். ரதி அதை மிஸ் வின்னியிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு மாலை அழைப்புமணி ஒலித்தது. வாசலில் உயரமான கறுப்பின இளைஞர் ஒருவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என் பெயர் ட்ரெவர். இவ்வளவு காலமும் வேறு ஊரில் இருந்தேன்; ஆன்ட்டியின் மேல்மாடியில் இப்போது வேறு குடும்பம். அறை விஷயமாக வந்தேன். வின்னி ஆன்ட்டி அனுப்பினார்."

கேட்டீர்களா? வின்னி என்ற பெயர் என் காதில் தெளிவாகவே விழுந்தது! தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

அந்தக் கணத்தில் என் மனம் எங்கே போயிற்று? கோயிலில் காணும் முகங்களிடம் போயிற்று. 'காப்பிலிக்கு அறை குடுத்திருக்கிறியாம்' என்று அவர்கள் கேட்பார்களே... ஆனால், அப்படி எவரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த இழிசொல்லை அன்று உச்சரித்தது என் மனம்தான்!

"அறை போய்விட்டது" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"ஆரப்பா வந்தது?" என்று உள்ளேயிருந்து ரதி கேட்டாள்.

"ஆரோ வழி கேட்டு வந்தவன்."

மறுநாள் மிஸ் வின்னி தொலைபேசியில் அழைத்தார். "என் தங்கை மகன் ட்ரெவர் வந்தானா? அறை போய்விட்டதென்று நீங்கள் சொன்னதாகச் சொல்கிறான். ரதி அப்படி ஒன்றும் சொல்லவில்லையே?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? திருத்திக்கொள்ள அவகாசம் இருந்தது...

"ஒருவரும் வரவில்லையே, மிஸ் வின்னி."

"நினைத்தேன்! போகாமலேயே கதை கட்டியிருக்கிறான். தாயில்லாப் பிள்ளை என்று செல்லம் கொடுத்தது என் பிழை." அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம் இருந்தது. தான் வளர்த்த பிள்ளையை விட்டுவிட்டு அவர் என்னை நம்பினார்!

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், அப்டன் பார்க்கில் ஒரு சமூக மண்டபத்தில் கரீபியன் முதியோரின் நினைவுகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள். கப்பலில் வந்த பெட்டிகள், தேவாலயத்துக்கு அணிந்த தொப்பிகள், மண்ணெண்ணெய் அடுப்பு, மங்கிய புகைப்படங்கள். மேசையில் பொரித்த மீனும் இஞ்சிப் பானமும்.

ஒரு புகைப்படத்தில் மிஸ் வின்னியின் மடியில் எங்கள் மகள். அருகிலிருந்த பொத்தானை ரதி அழுத்தினாள். பதிவுசெய்திருந்த மிஸ் வின்னியின் குரல் ஒலித்தது: "எனக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. ஆனால் ஒரு தமிழ்க் குடும்பம் என் படியேறி வந்தது..."

ரதி அழுதுவிட்டாள். நானோ அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சக்கர நாற்காலியில் மிஸ் வின்னி வந்தார். அதைத் தள்ளிவந்தவர் ட்ரெவர். அவர் என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார்... அது எனக்குத் தெரிந்தது.

மிஸ் வின்னி ட்ரெவரின் கையை இழுத்து என் கையில் வைத்தார். "இவரைப் பார். அன்றைக்கு நீ போயிருந்தால் இவர் உனக்கு இடம் கொடுத்திருப்பார். போகாமல் விட்டாயே, மகனே!"

ட்ரெவர் என் முகத்தைப் பார்த்தார். அவசரப்படவில்லை. நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். நான் புகைப்படங்களின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு அவர் குனிந்து, "ஓம் ஆன்ட்டி, நான் போயிருக்கவேண்டும்" என்றார். என் கையை விட்டுவிட்டு, மிஸ் வின்னியின் தோளில் சால்வையைச் சரிசெய்தார்.

அந்தக் குளிர்காலத்திலேயே மிஸ் வின்னி காலமானார்.

ட்ரெவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கலாமே என்கிறீர்களா? நானும் பலமுறை புறப்பட்டிருக்கிறேன். ஆனால் அவரிடம் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நடந்தது முழுவதும் அவருக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டியவர், தெரியாமலே போனவர் ஒருவர்தான். அவர் அன்று அந்த மண்டபத்தில் என்னெதிரே, கையெட்டும் தூரத்தில், சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.