மேகராஜாவின் இரண்டாவது முகம்

ஈப்போவில் வண்டிப் பட்டறையைக் கடக்கும்போது பேட்டரித் திராவக நெடி மூக்கில் ஏறினால், எனக்கு உடனே சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. மின்சாரம் வராத எங்கள் லயத்து வீட்டு வரிசையில், லாரி பேட்டரியில் ஓடிய ஒரே கறுப்பு வெள்ளை டிவியின் முன்னால், எத்தனை சோப்புப் போட்டாலும் ஒட்டுப்பால் வாடை போகாத கைகளோடு எல்லாரும் உட்கார்ந்து, மேகத்தில் ஏறிப் பறக்கும் சீன ராஜகுமாரனின் தொடரைப் பார்ப்போம். பேச்சு யாருக்கும் புரியாது. மேகராஜா என்று நாங்களே அவனுக்குப் பேர் வைத்திருந்தோம்.

ஒரு வாரம் அதே வாளோடு, அதே மேகத்தில், வேறொருவன் வந்தான். லயமே கொதித்தது. "இவன் யாரு லா? நம்மாளு எங்க?" என்று டிவிக்காரர் முனியாண்டி அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆள மாத்திட்டு அதே மேகத்துல ஏத்தினா ஆச்சா?" என்று நானும் கத்தினேன்.

அம்மா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் புள்ள. அவனும் புதுசுதானே, பழகட்டும்."

அப்பா செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் பால் வெட்டிய மரங்களை அம்மாவுக்கே கொடுத்திருந்தார்கள். செக்ரோல் பதிவேட்டில் பேரை மட்டும் யாரும் மாற்றவில்லை. மறுநாள் விடியுமுன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவளோடு போனேன். எஸ்டேட் கணக்குப்பிள்ளையான கிராணி வரிசையாகப் பேர் கூப்பிட்டார். அப்பா பேர் வந்தது.

அப்பாவின் பால்கத்தியோடு நின்ற அம்மா, "இருக்கேங்க" என்றாள்.