அருவிக்கு வராத இரண்டு பேர்

போன வாரம் குற்றாலத்தில் நல்ல சாரல். பேரருவியில் பெண்கள் பக்கம் தலையை நீட்ட இடமில்லை. ஆனால் தினமும் என்னோடு குளிக்க வருகிற இரண்டு பேரை மட்டும் காணோம்.

யார் என்று சொல்லவில்லையே! தென்காசியில் எங்கள் எதிர்வீட்டு மாடியறையில் குடியிருக்கிற அக்கா தங்கை. ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர்கள். டீச்சர் டிரெயினிங் படிக்க இங்கே வந்திருக்கிறார்கள். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. மூத்தவளுக்கு அப்பா வைத்த பெயர் லெட்சுமி. இளையவளுக்கு அம்மா வைத்தது கின். இந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை.

சீசன் தொடங்கியதிலிருந்து மூன்று பேரும் முதல் பஸ்ஸில் போய்விடுவோம். கின் அருவிக்குள் போனால் வெளியே இழுத்து வர ஆள் வேண்டும். அப்படிப்பட்டவள் நாலு நாளாக வரவில்லை. ஒருநாள் தலைவலியாம்... ஒருநாள் பரீட்சையாம்...

நம் ஊர் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. வாசலில் யாரைப் பார்த்தாலும் “சாப்பிட்டாச்சா?” என்போம். வயிறு காய்ந்தாலும் “ஆச்சு” என்பதுதான் மரியாதை. நானும் தினம் கேட்டேன். அவர்களும் “ஆச்சுக்கா” என்றார்கள். எவ்வளவு சீக்கிரம் நம் ஊர்ப் பெண்களாகிவிட்டார்கள் என்று மெச்சிக்கொண்டேன் வேறு!

வியாழக்கிழமை சண்டை பிடிக்கவே மாடியேறினேன்.

“ஏட்டி, அங்கன தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ரெண்டு பேரும் ரூமுக்குள்ள என்ன செய்யுதிய?”

லெட்சுமி சிரித்து மழுப்பினாள். கின்னுக்கு மழுப்பத் தெரியாது.

“அருவியில குளிச்சா ரொம்பப் பசிக்குதுக்கா.”

லெட்சுமி சட்டென்று தங்கையின் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்புறம்தான் அறையைப் பார்த்தேன். ஈரமே இல்லாமல் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள். பற்றவைக்காத ஸ்டவ்.

ரங்கூனில் அப்பாவின் கடையோடு சேர்த்து எல்லாக் கடைகளையும் சர்க்கார் எடுத்துக்கொண்டதாம். அப்பாவிடமிருந்து பணமும் இல்லை, லெட்டரும் இல்லை. மூன்று வாரமாக ஒருவேளைக் கஞ்சி. பசியைக் கிளப்பிவிடக்கூடாது என்று குளிப்பதையே நிறுத்தியிருக்கிறார்கள்.

அருவியில் குளித்துவிட்டு எட்டு இட்லி தின்ற கதையை இந்தப் பிள்ளைகளிடமே பெருமையடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது.

“ராத்திரி நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க” என்றேன்.

“வேண்டாம்க்கா. எங்களுக்கு ஆச்சு” என்றாள் லெட்சுமி. அப்போதும் ஆச்சு!

இப்போது அரிசி கிடைக்கிற லட்சணத்தில் எந்த வீட்டிலும் அளந்துதான் உலை வைக்கிறோம். என் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“எனக்கு இனிமே ராத்திரிக்குக் கோதுமை தோசை போதும். டாக்டர் சொல்லியிருக்காருல்லா.”

எந்த டாக்டர்? கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை.

அன்று இருட்டுவதற்குள் சமைத்து, நாலு இலையைப் போட்டுத் தண்ணீரும் தெளித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை எதையும் கேட்கவில்லை.

“இலை போட்டாச்சு. போட்ட இலையைச் சும்மா எடுக்க எனக்கு மனசு வராது. எந்திரிச்சு வாங்கட்டி.”

வந்தார்கள். லெட்சுமி தலையே நிமிராமல் சாப்பிட்டாள். அவள் கண் துடைத்ததை நான் பார்க்கவில்லை. சாம்பார்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கின் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கினாள். கோதுமை தோசைக்காரர், “பிள்ளைக்கு இன்னும் வை” என்றார்.

அன்றிலிருந்து தினமும் நாலு இலைதான். பேரை மாற்றி இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்கக்கா. எங்களை மாதிரி வேற ஊருலயும் இருப்பாங்க” என்றாள் லெட்சுமி.

இருப்பார்கள்தானே? உங்கள் எதிர்வீட்டு மாடியையும் ஒருதரம் எட்டிப் பாருங்கள். சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் குற்றாலம் போனோம். கின்னை வழக்கம்போல் இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன். திரும்பி வரும்போது, நடுங்கிக்கொண்டே பஸ்ஸில் கத்தினாள்:

“அக்கா, பசிக்குது!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. லெட்சுமி அவள் வாயைப் பொத்தப் போனாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

“இன்னும் சத்தமாச் சொல்லுட்டி!”