உடம்புப் புத்தகமும் காலிப்பர் போட்ட பெண்ணும்

1. பொத்தேரியிலிருந்து

கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஊரப்பாக்கம் வந்த பிறகுதான், பிரஷ் பையை எடுத்துக்கொண்டு சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்திருப்பது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. பனியனோடு ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாக வடக்கே நடந்துகொண்டிருந்தேன்.

பொத்தேரியில் மாணவர் விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தேன். அன்று காலை அவர் எல்லோர் முன்னாலும் என் மேல் கை வைத்துவிட்டார். அடித்தவன் வீட்டில் மதியச் சோறு இறங்காது. அதனால் சோற்றுக்கு முன்பே கிளம்பிவிட்டேன். எனக்கு இது புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு லாரிக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறேன், மெஸ்ஸில் மாவு அரைத்திருக்கிறேன், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். எந்த இடத்திலும் வேர் பிடித்ததில்லை.

பீர்க்கன்கரணை ஏரியில் முகம் கழுவினேன். நடைபாதைக் கடையில் ஒரு சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைச் சுவரில் காகிதம் ஒட்டியிருந்தது: 'குழந்தைகள் புத்தகத்துக்கு ஓவியர் தேவை. மாடியில் விசாரிக்கவும்.'

மாடியில் இருந்தவர் ஞானதுரை சார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மாதிரியே எல்லா நாளும் சட்டை அயர்ன் பண்ணியிருப்பார். ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சிறுபிள்ளைகளுக்குப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மனுஷ உடம்பு வரைவீங்களா?" என்றார்.

"வரைவேன் சார்."

"உள்ள இருக்கிறது?"

"பாத்தா வரைவேன். பாக்காம வரைய மாட்டேன்."

சிரித்தார். என் இடது கையை நானே பார்த்து வரையச் சொன்னார். வரைந்தேன். "நகத்துல பெயிண்ட் ஒட்டினதையும் போட்டுட்டீங்களே" என்று சொல்லி வேலை கொடுத்தார். பேப்பர் கட்டுகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தார்.

2. இரண்டு கல்லீரல்

பலகை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாமி படமோ தலைவர் படமோ, நேராகப் பார்க்கிற உருவம் என்றால் முழுசாக வரைய மாட்டோம். பட்டர் பேப்பர் என்கிற, மறுபக்கம் தெரியும் மெல்லிய தாளில் பாதியை வரைவோம். நடுவில் மடித்து, பின்பக்கம் தேய்த்தால் மறுபாதி தானாக விழும். நேரம் மிச்சம், ரெண்டு கண்ணும் ஒரே அளவு. கையும் பழகிவிட்டது.

உடம்புப் புத்தகத்துக்கும் அதையே செய்தேன். தலை, தோள், கை எல்லாம் அழகாக விழுந்தன. நான்காம் பக்கம் 'என் வயிற்றுக்குள்ளே.' தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய பள்ளிக்கூடச் சார்ட்டைப் பார்த்துப் பாதி வரைந்தேன். மடித்தேன். தேய்த்தேன். கலர் கொடுத்துக் காயவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஞானதுரை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த, அங்கே வேலை பார்க்கும் கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"மணி, இந்த ஆளுக்கு ரெண்டு கல்லீரல். எவ்வளவு குடிச்சாலும் தாங்குவான்" என்றார் சார்.

"ஆனா இரைப்பையே இல்ல சார். பந்தியில ஒக்கார வெச்சா சோறு எங்க போகும்?" என்றாள் கஸ்தூரி.

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. வெளியே இவ்வளவு சமமாக இருக்கிற உடம்பு உள்ளே இப்படிக் கோணலாக அடுக்கப்பட்டிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தை மறுபடி முழுசாக வரைந்தேன். அன்றோடு வயிற்றுக்கு மட்டும் மடிப்பதை விட்டேன். கை கால்களுக்கு மடிப்பது தொடர்ந்தது.

3. ஓடுவேன், குதிப்பேன்

கஸ்தூரிதான் எங்களுக்கு டி.டி.பி. ஆபரேட்டர். என் படங்களை ஸ்கேன் செய்து, எழுத்துகளைச் சேர்த்து, பக்கம் அமைப்பவள். நீலாங்கரைப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவாள். சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலில் காலிப்பர் போட்டிருப்பாள். ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் கணுக்காலிலும் தோல் பட்டை, கீழே கனமான பூட்ஸ். ஆபீஸில் சாருக்கு முன்னால் நிதானமாகப் பேசுவாள். என்னோடு பேசினால் குப்பத்துப் பேச்சு வந்துவிடும்.

ஒன்பதாம் பக்கத்துக்குச் சார் எழுதிக் கொடுத்த வரி: 'இவை என் கால்கள். நான் நடப்பேன், ஓடுவேன், குதிப்பேன்.' கஸ்தூரி அதை டைப் அடித்து முடித்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நா ஓடுனதும் இல்ல, குதிச்சதும் இல்ல. அப்ப இதுக்குப் பேரு இன்னா?" இடது தொடையைத் தட்டிக் காட்டினாள்.

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணாங் கிளாஸ்ல டீச்சர் இதே மாரி ஒரு பாட்ட சொல்லிக் குடுத்தாங்க. எல்லாப் புள்ளைங்களும் எந்திரிச்சுக் குதிச்சுதுங்க. நா பெஞ்சுல குந்திகினு வாயால குதிச்சேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்தப் பக்கத்துல ஒரு பொண்ணுக்குக் காலிப்பர் போட்டு வரைண்ணா. ஓரமா வரையாத. நடுவுல வரை" என்றாள்.

வரைந்தேன். கடற்கரையில் ஐந்து பிள்ளைகள், நடுவில் காலிப்பர் போட்ட சிறுமி. அவளை ஓடுகிற மாதிரி, முட்டியை மடித்துப் போட்டேன். கஸ்தூரி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐய, மடங்காதுண்ணா! நிக்கச் சொல்ல லாக்கு கீழ வுழுந்துடும். குந்தச் சொல்ல மேல தூக்கினாதான் முட்டி மடியும். நீ இன்னா என்னை சினிமா டான்ஸ் ஆட வுடறியா?"

முட்டிக்கு இரண்டு பக்கமும் கம்பியில் ஒரு சின்ன இரும்பு வளையம் உண்டு. அதுதான் லாக்; நிற்கும்போது கீழே விழுந்து முட்டியை மடங்காமல் பூட்டிவிடும். எனக்கு அப்போது அது புரியவில்லை. அவள் பட்டைகளை அவிழ்த்துக் காலிப்பரையே கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டு, உட்கார்ந்தபடி வேலையைத் தொடர்ந்தாள். மதியம் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைந்தேன். ஞானதுரை சார் உள்ளே வந்தார். மேஜையில் இருந்ததைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தன் டீ கிளாஸைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்து அதற்கு இடம் விட்டார்.

படம் முடிந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "நல்லா இருக்கு. இவள மட்டும் கொஞ்சம் உயரமாப் போடு. இல்லன்னா கஸ்தூரி கோச்சுக்குவா."

இந்தப் படத்துக்குப் பட்டர் பேப்பரை மடிக்கவே முடியவில்லை. அவளுடைய ரெண்டு காலும் வேறு வேறு. அப்படியே மற்ற நாலு பிள்ளைகளையும் பார்த்தேன். ஒருத்தன் ஒரு காலில் சாய்ந்து நிற்க வேண்டியவன். இன்னொருத்தி மணலில் ஒரு கால் புதைந்து நிற்பவள். எல்லாரையும் மடிக்காமல் வரைந்தேன்.

4. லைட் டேபிள்

அந்த நாளில் கலர் புத்தகம் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு ஃபிலிம் எடுக்க வேண்டும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் முழு நிறம் வரும். எழுத்துகள் கறுப்பு ஃபிலிமில் மட்டும் இருக்கும். காலிப்பரையும் நான் கறுப்புக் கோட்டில்தான் வரைந்திருந்தேன். அதனால் அதுவும் அந்த ஃபிலிமில் மட்டுமே இருந்தது. ஃபிலிமை மவுண்ட் ரோடு பக்கம் போய்த்தான் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு வந்து, கீழே டியூப்லைட் எரியும் கண்ணாடி மேஜையில் விரித்துச் சரிபார்ப்போம்.

அப்படி விரித்திருந்தபோது சேகர் வந்தார். குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரை நர்சரிப் பள்ளிகளுக்குப் புத்தகம் சப்ளை செய்பவர். அவர் ஆர்டரை நம்பித்தான் சார் பேப்பர் வாங்க இருந்தார். சேகர் ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது என்னா சார்?"

"காலிப்பர்."

"தெரியுது சார். சின்னக் கொழந்தைங்க புக்ல எதுக்கு சார் நோய்?"

"நோய் எப்பவோ போயிடுச்சு சார். இது கால்" என்றாள் கஸ்தூரி, மானிட்டரைப் பார்த்தபடியே.

சேகர் கெட்டவர் இல்லை. அவருக்குச் சங்கடமாகிவிட்டது. குரலைத் தணித்து, "யம்மா, உன்னச் சொல்லல. நான் கரஸ்பாண்டென்ட்டுங்க முகத்தப் பாத்துப் பொழைக்கிறவன். புள்ளைங்கள சேர்க்கற சீசன்ல புக்க கவுன்ட்டர்ல வைப்பாங்க. பேரன்ட்ஸ் பொரட்டறப்ப இது கண்ணுல பட்டா மூடி வெச்சிடுவாங்க. எனக்கு நடந்திருக்கு. இத எடுத்துடுங்க சார், நான் முழு ஆர்டரும் எடுத்துக்கறேன்" என்றார்.

ஞானதுரை சார் ஃபிலிமை நேராக்கி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "மணி, பிளாக் ஃபிலிம்ல அத மட்டும் சுரண்டி எடுத்துடு" என்றார்.

ஃபிலிமில் பிளேடால் லேசாகச் சுரண்டினால் கறுப்பு உரிந்து வந்துவிடும். அந்த இடம் அச்சில் வெள்ளையாகிவிடும். நான் பிளேடை எடுத்து, வெளிப்பக்கக் கம்பியை மேலிருந்து கீழே சுரண்டினேன். சுலபமாக வந்தது. பார்த்தால், அந்தச் சிறுமி சூம்பிய கால் தெரிய, ஒரு கம்பியோடு நின்றாள்.

கஸ்தூரி எழுந்தாள். லாக் விழும் சத்தம் கேட்டது. மேஜைக்கு வந்து குனிந்து பார்த்தாள்.

"அந்தக் கம்பியும் எடுக்கப் போறியாண்ணா?"

"சார் சொல்றாரு."

"எடுத்தா அவ நிக்க மாட்டா சார்" என்று சாரைப் பார்த்துச் சொன்னாள். ஒரு வரியில் புள்ளி விட்டுப்போய்விட்டது என்று சொல்கிற குரல்தான். "வுழுந்துடுவா."

சொல்லிவிட்டு ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் முட்டி லாக்கை ஒவ்வொன்றாக மேலே தூக்கினாள். கால் சட்டென்று மடிந்தது. உடம்பு முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்தது. "கஸ்தூரி!" என்று சார் எழுந்துகொள்வதற்குள், முதலில் பாய்ந்து அவள் தோளைத் தாங்கியவர் சேகர்தான்.

"யம்மா, பாத்தும்மா! இன்னாம்மா இது!" அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் புரியுது சார். ஆனா இத வெச்சுகினு என்னால விக்க முடியாது. பொய் சொல்லி எடுத்துட்டுப் போகவும் மனசு வரல" என்று சாரிடம் சொன்னார். கஸ்தூரியின் பக்கம் திரும்பி, "இன்னொரு தபா அப்படிப் பண்ணாதம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஞானதுரை சார் சுரண்டிய ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை.

"இது வீணாப்போச்சு. பிளாக் எப்படியும் புதுசா எடுக்கணும்" என்றார். "எடுக்கறதே எடுக்கறோம், அந்த வரியையும் மாத்திடலாம். கஸ்தூரி, என்ன போடலாம்?"

அவள் யோசிக்கவே இல்லை. இத்தனை நாளும் அதை வைத்திருந்திருப்பாள் போலிருக்கிறது. தட்டினாள்: 'இவை எங்கள் கால்கள். கடைக்குப் போவோம், கடலுக்குப் போவோம், பள்ளிக்குப் போவோம்.'

5. மறுநாள் காலை

புத்தகம் வந்தது. நினைத்ததைவிடக் குறைவாகத்தான் அடித்தோம். சில பள்ளிகள் வாங்கின, சில மூடி வைத்தன. கஸ்தூரி ஒரு பிரதியைக் குப்பத்துக்கு எடுத்துப் போனாள். அவள் அம்மா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்து, ஒன்பதாம் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாராம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இவ உன்ன மாரி இல்லடி, சிரிச்சினு கீறான்னு சொல்லிச்சு. அப்புறம் எல்லா வூட்டுக்கும் எடுத்துகினு போயிக் காட்டிச்சு. புக்கு முழுக்க மீன் வாசன."

அடுத்து விலங்குகள் புத்தகம் போடுவதாக இருந்தது. சார் என்னைக் கூப்பிட்டு அது இப்போதைக்கு இல்லை என்றார். சொல்ல அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. எனக்குப் பையைக் கட்டுவது பழக்கம். ஆனால் அதுவரை நான் விட்டுவந்த இடங்களில், இறங்கும்போது காலில் கனம் தெரிந்தது இந்த மாடியில் மட்டும்தான்.

படிக்கட்டில் கஸ்தூரி நிறுத்தினாள். "எங்கண்ணா போவ?"

"தெரியல. குன்றத்தூர் பக்கம் கோயில் வேலை இருக்கும்னு சொன்னாங்க."

"எனக்குக் காலிப்பர் செய்யுற பட்டறை குரோம்பேட்டையில கீது. கோடு போட ஆள் இல்லன்னு பேஜார் பண்ணிகினு இருந்தாரு அந்த அண்ணா. நாளைக்கே போ. நா சொன்னேன்னு சொல்லு."

மறுநாள் காலை போனேன். ரயில் பாதையை ஒட்டி, தகரக் கூரை போட்ட பட்டறை. கூலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, பட்டறைக்காரரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கும் ஒரு பெண் காலிப்பருக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். பெஞ்சில் பழுப்புக் காகிதம் விரித்து, அதன்மேல் அவர் காலை நீட்டிவைத்தார்கள். காலைச் சுற்றி நான் பென்சிலால் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டின் வளைவுக்குத்தான் கம்பியை வளைப்பார்கள்.

"பென்சில நேரா நிறுத்திப் புடி" என்றார் பட்டறைக்காரர். "உள்பக்கம் சாஞ்சா கோடு உள்ள போயிடும். கம்பி இறுக்கும். அந்தம்மா நடக்கறப்பல்லாம் காலை அறுக்கும்."

பலகையில், சுவரில், புத்தகத்தில் எத்தனையோ கோடு போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒருவர் தன் முழு எடையையும் ஒரு கோட்டின் மேல் வைத்து நிற்கப் போகிறார் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான்.

"கூச்சமா இருந்தா சொல்லுங்கக்கா" என்றேன்.

"நீ போடு தம்பி, ஸ்கூலுக்கு நேரமாவுது" என்றார் அவர்.

பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக் குதிகாலிலிருந்து ஆரம்பித்தேன்.