பப்ஸுக்குப் பதில் ஷட்டில் பேட்

என் கணவர் ஷிப்ட் முடிந்து வரும்போது மகளுக்குப் பப்ஸ் வாங்காமல் வந்ததே இல்லை. அதுதான் அவர் பாசம்.

போன வாரம் டாக்டர் சொன்னார்: "பாப்பா எடையக் குறைக்க வேணாம்மா. அவ வளர்ற பொண்ணு, இதுக்கு மேல ஏறாமப் பாத்துக்கிட்டாப் போதும். அவளுக்கு மட்டும் தனியா கட்டுப்பாடு வேணாம், வீடே மாறணும்."

பள்ளியில் 'குண்டு' என்று கூப்பிட்டதிலிருந்து அவள் விளையாடப் போவதையே நிறுத்தியிருந்தாள்.

இன்று மாலை அவர் கையில் பப்ஸ் இல்லை. இரண்டு ஷட்டில் பேட்.

"பப்ஸ் எங்கப்பா?" அவள் முகம் வாடிவிட்டது.

"ஞாயித்துக்கிழம வாங்கலாம் சாமி. இப்ப வா, ஆடலாம்."

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் சந்து குறுகல்தான். ஆனாலும் ஆடினார்கள். சற்று நேரத்தில் அவர் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மாடி வீட்டுக் கன்னடக்கார அக்கா, "நானு பர்லா?" (நானும் வரட்டுமா?) என்று சேலையைச் செருகிக்கொண்டு ஆட வந்தார். அக்காவின் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு என் மகள் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"அம்மா, நாளைக்கும் ஆடலாமா?"

"தினமும் ஆடலாம்" என்றேன். அவள் அப்பா மட்டும் படியில் உட்கார்ந்தபடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஷிப்ட் முடிந்து வந்து ஷட்டில் ஆடும் அப்பாக்களே, முழங்கால் வலிக்கு என்ன தடவுகிறீர்கள்? அவசரமாகத் தேவை.