வக்கருக்குப் பின்னால் நடந்த தேசப்பன்

ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்கள் தங்கள் தலைமை அலுவலகத்தைப் பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்ட வருடம் அது. கோட்டையில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஆழமான இடத்தில், தொலைவில்தான் நிற்கும். ஆட்களையும் பெட்டிகளையும் ஏரியின் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றிவிடுவது குப்பத்து மீனவர்களின் வேலையாக இருந்தது. தேசப்பன் அந்தப் படகுகளில் ஒன்றில் துடுப்புப் போட்டவன். அகன்ற தோளும் குறைந்த பேச்சும் உள்ள ஆள்.

துணிக் கிடங்கில் வேலை பார்த்த பீட்டர் துரையும் அவருடைய மனைவியும் போன நாளில், அவர்களோடு ஒரு பெரிய நாயும் படகில் இருந்தது. வெள்ளையில் பழுப்புத் திட்டு, தொங்குகிற நீளக் காதுகள். கப்பலருகே போனதும் மேலேயிருந்து ஒருவர் கையை ஆட்டி ஏதோ கத்தினார். கப்பலில் இடமில்லை, நாய் கூடாது என்று சொன்னார்கள். பீட்டர் துரை எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். கடைசியில் அவர் தேசப்பனின் கையைப் பிடித்து, தெரிந்த தமிழில், "இது பேரு வாக்கர். நீ வெச்சுக்கோ. நல்ல நாயி" என்றார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

படகு கரைக்குத் திரும்பத் தொடங்கியபோதுதான் நாய்க்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஒரே தாவலாகக் கடலில் குதித்துக் கப்பலைப் பார்த்து நீந்தத் தொடங்கிற்று. கப்பலில் பாய் விரித்தாகிவிட்டது. படகில் இருந்தவர்கள் "வுட்டுத் தள்ளுப்பா, அது தலையெழுத்து" என்றார்கள். தேசப்பன் துடுப்பைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு நீரில் பாய்ந்தான். அலைகளுக்கு நடுவே களைத்துப்போய் மூழ்கியெழுந்துகொண்டிருந்த நாயைக் கழுத்தோடு அணைத்து இழுத்து வந்தான். அது அவன் முன்கையைக் கடித்தும் விட்டது. அந்தத் தழும்பு அவனுக்குக் கடைசிவரை இருந்தது.

அவனுடைய குப்பம் கோட்டைக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையிலிருந்த மணல்மேட்டில் இருந்தது. அவன் மனைவி பூபதி, ரத்தம் வழிகிற கையையும் நனைந்த நாயையும் ஒன்றாகப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, கன்னுக்குட்டி மாதிரி?"

"போக்கிடம் இல்லாம நிக்குது. இருந்துட்டுப் போவட்டும்."

"சோறு நீ போடுவியா, நான் போடணுமா?"

"என் பங்குல போடறேன்."

'வாக்கர்' என்பது குப்பத்து வாயில் சீக்கிரமே 'வக்கர்' ஆகிவிட்டது.

குப்பத்தில் நாய்கள் இல்லாமல் இல்லை. அவை தாமாகத் திரிந்து, தாமாக ஒதுங்கி, தாமாக வாழ்ந்தன. ஆனால் வக்கர் கோட்டைக்குள் வளர்ந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாராவது வெளியே கூட்டிப்போனால்தான் ஒதுங்கும். இல்லையென்றால் வாசலில் நின்று முனகிக்கொண்டே கதவுத் தட்டியைப் பிறாண்டும். அதனால் தேசப்பன் காலையிலும் மாலையிலும் அதைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதைப் பார்த்தே பலர் சிரித்தார்கள். நாய் மனிதனை இழுத்துக்கொண்டு போகிறது என்றார்கள்.

சிரிப்பு அடங்கியது ராஜம்மாவால். ராஜம்மா கணவனை இழந்தவள். கருவாடு போட்டு விற்றுப் பிழைப்பவள். ஒரு காலையில் அவள் தலையில் மீன் கூடையோடு மீன் காயவைக்கும் களத்துக்கு வருகையில் வக்கர் விட்டுப்போன மலத்தில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். கூடை கவிழ்ந்தது. கழுவி உப்புப் போட்டு வைத்திருந்த மீன் எல்லாம் அந்த அசிங்கத்தின் மேலேயே கொட்டியது. அவள் போட்ட சத்தத்தில் குப்பம் கூடிவிட்டது.

"ஏ தேசப்பா! உன் நாயி இன்னா பண்ணி வெச்சிகீது பாரு! கோட்டைல தின்னுட்டு வந்து எங்க வயித்துல அடிக்கிதா?"

தேசப்பன் ஓடிவந்தான். முதலில் அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கினான். பிறகு குனிந்து, மணலோடு சேர்த்து இரண்டு கைகளாலும் மலத்தை அள்ளினான். கூட்டத்தில் யாரோ 'தூ' என்றார்கள். அவன் அதைத் தாழம்புதருக்கு அப்பால் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தான். கைகளை மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அன்று பிடித்த தன் பங்கு மீனைக் கொண்டுவந்து ராஜம்மாவின் கூடையில் போட்டான்.

"யக்கா, இனிமே இந்த மாதிரி நடக்காது."

"நடந்தா?"

"நடக்காதுக்கா."

மறுநாளிலிருந்து அவன் ஒரு கையில் கயிறும் மறு கையில் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையுமாகப் புறப்பட்டான். வக்கர் எங்கே குந்தினாலும் காத்திருந்து, பட்டையால் அள்ளி, மேலே மணல் தூவி மூடி, கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவான். அது மட்டுமல்ல. மீன் காயும் பாய்களுக்குப் பக்கத்தில் காற்று அடிக்கிற திசை பார்த்து நடப்பான், நாயின் ரோமம் மீனில் போய் விழக்கூடாது என்று. தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் எதிரே வந்தால் வழியை விட்டு இறங்கி, நாயைத் தன் கால்களுக்கு நடுவே உட்கார வைத்துக்கொண்டு அவர்கள் போகும்வரை நிற்பான். நாயைக் கண்டு பயந்தவர்கள் வீடு எது என்று தெரிந்துவைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகமாட்டான். யாரும் அவனிடம் இதையெல்லாம் கேட்கவில்லை. தன்னால் இன்னொருவருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பது அவனுக்கு இயல்பிலேயே இருந்தது. நாய் வந்த பிறகு அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இதைப் பாராட்டியிருக்க வேண்டும். குப்பம் பாராட்டவில்லை. நாயின் மலத்தை அள்ளுகிற மீனவனை அதுவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. ராஜம்மாவின் தம்பி கோபால் தேசப்பனோடு ஒரே படகில் துடுப்புப் போடுகிறவன். கறுப்பு நாய் ஒன்று அவன் வீட்டிலும் இருந்தது, கருவாட்டுக்குக் காவலாக. படகில் எல்லோருக்கும் ஒரே சோற்றுப் பானை. ஒருநாள் தேசப்பன் பானையில் கை வைத்ததும் கோபால் எழுந்துவிட்டான்.

"நாயி பீய அள்ன கையி. நான் இந்தப் பானைல துன்ன மாட்டேன்."

விஷயம் நாட்டார் நீலமேகத்திடம் போயிற்று. ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அவர்தான் பெரியவர், படகும் வலையும் அவருடையவைதான். அம்மன் கோயில் முன்னால் ஆட்கள் கூடினார்கள். நீலமேகம் கெட்ட மனிதர் இல்லை. சண்டை பிடிக்காது அவருக்கு.

"தேசப்பா, அந்த நாயக் கோட்டைல கொண்டும்போய் வுட்ரு. அங்க ஆளுங்க இன்னும் கீறாங்க இல்ல?"

"கேட்டேன் மாமா. சுட்டுப் போட்ருவோம்னு சொல்றாங்க."

"அப்ப ஏரிக்கு அந்தாண்ட ஆரம்பாக்கத்துப் பக்கமா வுட்டுட்டு வா."

"அது தானா ஒதுங்கத் தெரியாத நாயி. அங்க போயி யாரு வாசல்ல போவும்? அந்த ஜனங்க இன்னா பாவம் பண்ணாங்க?"

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். கோபால் சிரிக்கவில்லை. "பேச்ச மாத்தாத. நாயா, படகா, ஒண்ணு சொல்லு" என்றான்.

தேசப்பன், "என் நாயி பண்ணத நான் அள்றேன். அதுல எனுக்கு வெக்கம் இல்ல. அள்ளாம வுட்டுட்டு அடுத்தவன் மெரிச்சா, அதுதான் வெக்கம். கை கழுவ ஏரி நெறையத் தண்ணி கீது. அப்டியும் ஆவாதுன்னா நான் எறங்கிக்கிறேன்" என்றான்.

இறங்கித்தான் விட்டான். பெரிய படகில் போனவன், அதன் பிறகு வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரியின் ஆழமில்லாத பக்கங்களில் இடுப்பளவு நீரில் தனியாக நின்றான். கிடைத்தது இறாலும் சின்ன மீனும்தான். சில நாள் அதுவும் இல்லை. வக்கர் கரையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். மாலையில் களைத்து வந்தாலும் ஓலைப் பட்டையை எடுத்துக்கொண்டு நடை போகத் தவறியதில்லை.

பூபதிக்குத்தான் அதிகக் கஷ்டம். கிணற்றடியில் பெண்கள் அவளைப் பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். வீட்டுக்கு வந்து அழுவாள், நாயைத் திட்டுவாள். ஆனால் தேசப்பன் குளிர்சுரத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு காலையில், வக்கர் வாசலில் நின்று முனகியபோது, அவன் தட்டுத்தடுமாறி எழப் பார்த்தான். பூபதி அவனைத் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

"படுய்யா. பட்டை எங்க வெச்சிகீற?"

கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிணற்றடியைத் தாண்டி, அத்தனை பெண்களும் பார்க்க அவள் நடந்தாள். வக்கர் அவளையும் இழுக்கத்தான் இழுத்தது. அள்ளினாள், புதைத்தாள், கை கழுவிக்கொண்டு நிமிர்ந்தே திரும்பி வந்தாள். அதன் பிறகு அவள் அழுததாகத் தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் நன்றாகப் பிடித்த நாட்களில், ராஜம்மாவின் பாயில், காய்கிற மீனுக்கு நடுவிலேயே, மறுபடியும் நாய் மலம் கிடந்தது. ராஜம்மா நேராகத் தேசப்பன் குடிசைக்கு வெளியே வந்து நின்றாள்.

"நடக்காதுன்னு சொன்னியே! வந்து பாரு உன் லட்சணத்த!"

தேசப்பன் அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்தான். ஈரத் துணியோடு பட்டையை எடுத்துக்கொண்டு போனான். மலத்தை எடுத்தான், அது பட்ட மீன்களைத் தனியே பொறுக்கினான், பாயை ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து விரித்தான். வீட்டுக்கு வந்ததும் பூபதி பொரிந்து தள்ளினாள்.

"சிப்பி ஓடு குத்திக் காலு கிழிஞ்சு நம்ம வக்கரு நேத்துலேர்ந்து படுத்துக் கெடக்குது. வாசலுக்குக் கூட நீதான் தூக்கினு போற. அது எப்டி அங்க போயிருக்கும்? சொல்ல வேண்டியதுதானே?"

"அந்தக்காவோட பாயி நாறிக்கினு கீது. யாரு நாயினு பேசினு நின்னா மீனு கெட்டுப் போவும். மொதல்ல அது சுத்தமாவட்டும்னு போனேன்."

மிச்சமிருந்த கோபத்தையும் கொட்டிவிடலாம் என்று பின்னாலேயே வந்த ராஜம்மா, தட்டிக்கு வெளியே நின்று இதைக் கேட்டுவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். மூலையில் வக்கர், முன்னங்காலில் மஞ்சள் துணி சுற்றியபடி படுத்திருந்தது. அவளைப் பார்த்து வாலை ஆட்டிற்று, எழுந்திருக்கவில்லை. ராஜம்மா திரும்பிப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் பாயை விரித்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தின் பின்னால் உட்கார்ந்து காவல் காத்தாள். வெயில் ஏறுவதற்குள் கோபாலின் கறுப்பு நாய் வந்தது. பாயை முகர்ந்து, சுற்றி வந்து, வசதியாகக் குந்திற்று.

அது படகுகள் கடலுக்குத் தள்ளப்பட இருந்த நேரம். ஆண்கள் எல்லோரும் கரையில் இருந்தார்கள். ராஜம்மா நாயைத் துரத்தவில்லை. தேசப்பன் வீட்டுக்குப் போய்ப் பூபதியிடம் ஓலைப் பட்டையை வாங்கிக்கொண்டு, நேரே தம்பியின் முன்னால் போய் நின்றாள்.

"வாடா."

"எங்க?"

"உன் நாயி என் பாயில பண்ணி வெச்சிகீது. வந்து அள்ளு."

"யக்கா, இன்னா இது, எல்லாரும் கீற எடத்துல..."

"எல்லாரும் கீற எடத்துலதான் அந்தாளு அள்னான். உன் நாயி பண்ணத என் கண்ணெதுர அவந்தான் நேத்து அள்னான். அது அவன் நாயி இல்லன்னு தெரிஞ்சும் அள்னான். நீ அவன சோத்துப் பானைலேர்ந்து எழுப்பி வுட்ட. இப்ப வரியா, இல்ல நான் அள்ளிக்கினு வந்து உன் படகுல போடட்டுமா?"

கோபால் நீலமேகத்தைப் பார்த்தான். நீலமேகம், "அக்கா சொல்றது நாயம்தான். போ" என்றார். கோபால் பட்டையை வாங்கிக்கொண்டு போனான். முகம் சிவந்திருந்தது. அள்ளத் தெரியாமல் பாதியைப் பாயிலேயே அப்பிவிட்டான். அப்போது ஏரிப் பக்கமிருந்து வலையோடு வந்த தேசப்பன் அதைப் பார்த்துவிட்டு அருகே குந்தினான்.

"மொதல்ல மணலப் போடு. அப்பறம் ஓலைய அடில குடு. ஒட்டாம வரும்."

அதில் கிண்டல் இல்லை. கோபாலும் அதை உணர்ந்திருக்க வேண்டும். இருவருமாகப் பாயை ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று படகு தாமதமாகத்தான் கிளம்பியது. கிளம்புகையில் நீலமேகம் தேசப்பனைக் கூப்பிட்டு, அவன் பழைய இடத்தைக் கையால் காட்டினார். அவன் ஏறி உட்கார்ந்தான். நடுக்கடலில் சோற்றுப் பானையைத் திறந்தபோது கோபால் அதைத் தன் கையாலேயே தேசப்பன் பக்கம் தள்ளி வைத்தான். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. தேசப்பனும் எதிர்பார்க்கவில்லை. ஒரு கவளம் எடுத்துக்கொண்டு, "உப்பு கம்மி" என்றான். அவ்வளவுதான்.

அந்தக் குப்பத்தில் அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. பஞ்சாயத்தில் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் நாய் வைத்திருந்தவர்கள் வாசலில் ஓர் ஓலைப் பட்டையைச் செருகி வைக்கத் தொடங்கினார்கள். கருவாடு போடும் பெண்கள் வெறுங்காலோடு தைரியமாக நடந்தார்கள்.

வக்கர் அங்கே நெடுநாள் இருந்தது. அது சும்மா இருக்கவில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் குப்பத்துக் குட்டிநாய்களில் பாதி தொங்கும் காதுகளோடு பிறந்தன. எந்த வீட்டில் அப்படிக் குட்டி போட்டாலும், தேசப்பன் தாய்நாய்க்கென்று கொஞ்சம் மீனை எடுத்துக்கொண்டு போய்விடுவான். தன் நாயால் வந்த பாரம் என்று நினைத்தான் போலும்.

கோபாலின் கறுப்பு நாயும் அப்படித்தான் ஒருமுறை குட்டிகள் போட்டது. தேசப்பன் மீனோடு போனபோது ராஜம்மா அங்கே முன்பே வந்து குந்திக்கொண்டு, இருப்பதிலேயே நீளக் காதுள்ள குட்டியை மடியில் வைத்திருந்தாள்.

"இத எனுக்குக் குடுக்கச் சொல்லுப்பா உன் கூட்டாளிய" என்றாள் அவனிடம்.

"உன் தம்பிதானேக்கா, நீயே கேளேன்."

"அவன் தர மாட்டேன்றான். உன்னக் கேட்டுதான் தருவானாம்."

தேசப்பன் கோபாலைப் பார்த்தான். கோபால் வேறு பக்கம் திரும்பி வலையை உதறிக்கொண்டிருந்தான். ராஜம்மாவின் மடியில் அந்தக் குட்டி நிம்மதியாக மூத்திரம் விட்டுக்கொண்டிருந்தது. அவள் புடவையை உதறக்கூட இல்லை.